பதினொரு சாவிகள்

ரீகா நகரம், அவோத்து தெரு, பிப்ரவரி.
பூட்டுக்காரர் விஸ்வல்திஸ்
கடைக் கணினியை என் பக்கம் திருப்பிவைத்தார்,
சொத்தைப் பல்லைக் காட்டுகிற கூச்சத்தோடு.

"போன வருஷம் தேடினால் மூன்றாம் இடம்.
இப்போது இரண்டாம் பக்கம்.
இரண்டாம் பக்கத்துக்கு யார் போகிறார்கள், இல்வியா?
போனவர் யாரையாவது நீ பார்த்திருக்கிறாயா?"

பார்த்ததில்லை.
வலைத்தளம் பழுதுபார்ப்பது என் பிழைப்பு.
கூலிக்குப் பதிலாக
என் தபால் பெட்டிக்குப் புதுப் பூட்டு என்று பேச்சு.

கைப்பேசியில் அவர் பக்கத்தைத் திறந்தேன்.
வெள்ளை.
இன்னும் வெள்ளை.
ஏழாவது நொடியில் தொலைபேசி எண் வந்தது.
தொடப் போனேன்.
மேலிருந்து ஒரு தள்ளுபடிப் பலகை இறங்கி
எண்ணைக் கீழே தள்ளியது.
என் விரல் பட்டது
மெத்தை விளம்பரத்தில்.

"இதையெல்லாம் யார் போட்டது?"
"தங்கை மகன் ரைத்திஸ்.
ஒவ்வொன்றும் ஒரே வரிதானாம்,
இலவசமாம்."

எண்ணினேன்.
ஆளில்லாமல் "உதவட்டுமா" என்று கேட்கும் அரட்டைப் பெட்டி.
வந்த ஒருவரையே மூன்று தரம் எண்ணும்
மூன்று கணக்குப்பிள்ளைகள்.
என்றைக்கோ ஒரு கிறிஸ்துமஸுக்குப் பெய்யத் தொடங்கி
இன்னும் ஓயாத பொம்மைப் பனி.
நட்சத்திரங்கள், வரைபடம், மெத்தைக்காரன், இன்னும் என்னென்னவோ.
ஒரு முகவரியில் இப்போது யாருமே குடியில்லை.
பக்கம் ஒவ்வொரு முறையும் அங்கே போய்
கதவைத் தட்டிவிட்டு,
காத்திருந்துவிட்டு,
அதன் பிறகுதான் தன் பெயரையே சொன்னது.

மொத்தம் பதினொன்று.

"அப்படியென்றால் இது தண்டனையா?"

தண்டனை இல்லை, என்றேன்.
தேடுபொறிக்கு இவர்கள்மேல் கோபம் கிடையாது.
எவன் எழுதிய நிரல் என்று அது கேட்பதில்லை.
எப்போது வந்தது,
வந்தது வந்த இடத்தில் நின்றதா,
தொட்டால் திரும்பிப் பார்த்ததா,
அவ்வளவுதான் பார்க்கும்.
விருந்தாளி உடைத்த பீங்கானுக்கும்
வீட்டுக்காரர் பேரில்தான் சீட்டு.
அதுவும் தராசில் ஒரு கடுகு.
இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது
எந்தப் பக்கம் விழுகிறது என்பதே விஷயம்.

பிறகு அந்தப் புகழுரைகள்.
நாற்பத்திரண்டு பேர் அவரை வாழ்த்தியிருந்தார்கள்.
எல்லாம் அடுத்தவன் வீட்டு ஜன்னல் வழியே தெரிந்த விளக்கு.
வெளிச்சம் இவர் சுவரில், கணக்கு அவன் வீட்டில்.

அவர் பேசவில்லை.
முதுகுக்குப் பின்னால் ஆணிகளில்
வெட்டப்படாத சாவிகள் நூற்றுக்கணக்கில்.
குழாய் ரிப்பேர்க்காரனுக்குக்கூட நகல் தராதீர்கள் என்று
வருகிறவர்க்கெல்லாம் சொல்லி அனுப்புகிறவர்.

"இவன்களுக்கு யார் சாவி கொடுத்தது?"
"நீங்கள்தான்."

ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
வரைபடத்தை, தொட்டால் மட்டும் விரியும்படி மடித்துவைத்தேன்.
பனியின் முறை வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.
"அது மட்டும் இருக்கட்டுமே."
வெளியே அசல் பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது.
ஒன்பது வரியில், யாரிடமும் கேட்காத பனியை
நானே எழுதிக்கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் ஒன்பதாம் இடம்.
பிறகு ஆறு.
என் கைவண்ணமா?
ஸ்டேஷன் பக்கத்துப் பூட்டுக்கடை
அதே வாரம் மூடிவிட்டது என்கிறார்கள்.
சத்தியம் செய்யமாட்டேன்.

ஆனால் ஒரு நள்ளிரவு,
மைனஸ் பதினான்கில், செருப்போடு,
குப்பை கொட்ட வந்து கதவு பூட்டிக்கொண்ட ஒரு பெண்
கைப்பேசியில் இரண்டு சதவீத உயிரோடு தேடியிருக்கிறாள்.
பக்கம் வந்தது. எண் நகரவில்லை.
என் தபால் பெட்டிக்குத் திருகு முடுக்கிக்கொண்டே
இதை அவர் சொன்னார்.
எத்தனையாம் இடத்தில் இருந்தார் என்று
அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டு சாவி தந்தார்.
குளிருக்குப் பூட்டு கொஞ்சம் இறுக்கம்.

மறுநாள் காலையில் தொலைபேசி.
"இல்வியா, ரைத்திஸ் புதிதாக ஒன்று சொல்கிறான்.
ஒரே ஒரு வரிதானாம்..."