குதிரை சுற்றும் சொல்

எடின்பரோவில் அந்தக் குளிர்காலம் முழுக்க
நாங்கள் மூன்று பேர்
ஒரு நிலக்கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து
காரணமில்லாமல் மனசில் தோன்றுவதற்கெல்லாம்
இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தோம்.
ஒருபொருட் பன்மொழி என்பார்கள்.
ஒருபொருள் என்று ஒன்று கிடையாது என்பதுதான்
எங்கள் பிழைப்பு.

'விம்' என் பங்கு.
சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்
மஞ்சள் கையுறை வாங்கி வருவது.
யாருக்கும் நஷ்டமில்லை.
சாயங்காலம் ஆறிவிடும்.

'கேப்ரிஸ்' ஆக்டர்லோனிக்கு. முதலாளி, பொருத்தம்தான்.
அதற்குள் ஓர் ஆடு துள்ளுகிறது என்பார்.
இல்லை, சிலிர்த்த முள்ளெலித் தலை என்பாள் சினோபியா.
எதுவானாலும்
துள்ளுவது ஒருவர், மிதிபடுவது இன்னொருவர்.
வியாழக்கிழமை சம்பளம் என்றவர்
வியாழன் காலையில் சனிக்கிழமை என்பாரே, அது.

'வேகரி'க்கு ஆள்கூட வேண்டாம்.
ஃபோர்த் கழிமுகத்து மூடுபனி போதும்.

'கிராட்செட்' திடீரென்று வரும், ஆனால் போகாது.
கொக்கி என்றுதான் பழைய பொருள்.
சினோபியாவின் வீட்டுக்காரி திருமதி பர்வ்ஸ்
திங்கட்கிழமை முட்டை அவிக்கக் கூடாது என்று
ஒருநாள் காலையில் சொன்னாள்.
பதினோரு வருஷமாக அந்த வீட்டில்
திங்கட்கிழமைகளில் முட்டை இல்லை.

சினோபியா கிட்டோ கார்ன்வால்காரி.
நாங்கள் எழுதிய சீட்டுகளைச் சரிபார்ப்பவள்.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய், பதினோரு மணித் தேநீர் வந்தபோது
பாதி வாக்கியத்தில் நிறுத்திப் பேனாவை மூடினாள்.
(மூடினாள். அவசரக்காரர்கள் மூடுவதில்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)
கோட்டை மாட்டினாள்.
தேநீருக்கு நன்றி என்றாள், குடிக்காமலே.
படியிறங்கினாள்.

அப்புறம் நாலு நாள் அகராதி நகரவில்லை.
"கேப்ரிஸ், சந்தேகமென்ன" என்றார் ஆக்டர்லோனி;
மிதிபட்டவர் அவர்.
"கொக்கி மாட்டிக்கொண்டது" என்றாள் திருமதி பர்வ்ஸ்,
வாடகை பாக்கி இல்லையே என்ற ஏமாற்றத்தோடு.
நான் என் சொல்லை நீட்டினேன்:
மஞ்சள் கையுறைதான், கொஞ்சம் பெரிய அளவில்.
சாயங்காலம் ஆறிவிடும்.

ஆறவில்லை.

மார்ச்சில் என் சீட்டுக்கட்டை அவிழ்த்தேன்.
நடுவில் நான் வைக்காத ஒன்று, அவள் கையெழுத்தில்:

விம்: சுரங்க வாயில் நிறுத்தும் பெரிய உருளை.
கயிறு சுற்றியது. குதிரை பூட்டி
வட்டமாக நடக்க விடுவார்கள்.
வாளி மேலே வரும்.

அதன்கீழ், பென்சிலில்:
வாளி திடீரென்று வந்ததாக
மேலே நிற்பவர்களுக்குத் தோன்றும்.

பதினான்கு வருஷம்.
எட்டே முக்காலுக்குத் தொப்பி, அடுப்புக்குக் கரி,
சீட்டு, சீட்டு, சீட்டு, ஐந்தரைக்குக் குடை.
செக்குமாட்டு நடை என்று நானே சிரித்திருக்கிறேன்.
சுற்றுக்கு ஒரு முழம்
கயிறு ஏறிக்கொண்டிருந்தது
பக்கத்து மேஜைக்குக் கேட்கவில்லை.

அச்சகத்துக்கு எழுதிக் கேட்டபோது
அந்தப் பொருளுக்கு இடமில்லை என்றார்கள்.
குதிரைகள் போய் நாளாயிற்று.

ஏப்ரலில் ஓர் அஞ்சலட்டை, லிஸ்பன் முத்திரை.
நலமா என்றுகூட இல்லை. ஒரே வரி:
"'காரணமில்லாமல்' என்பதை அடித்துவிடுங்கள்."

அடித்தேன்.
ஆக்டர்லோனி புரூஃபில் மறுபடி சேர்த்தார்.
அடித்தேன். சேர்த்தார்.
மூன்றாம் புரூஃபில் அச்சுக்கோப்பவன் குழம்பி
சொல்லை எடுத்துவிட்டு
அதன் பின்னால் இருந்த காற்புள்ளியை விட்டுவிட்டான்.

இப்போதும் இருக்கிறது, முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
எதையும் எதிலிருந்தும் பிரிக்காமல்.