இருபத்தைந்தில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்.
பிறர் வாய்க்குள் போய்
என்னை மறந்துவிடுகிற பல்.
ராத்திரி அதே மெழுகுக் கத்தி, அதே விளக்கு;
சாப்பாட்டு மேசையில்
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து இம்பாலா.
இருபத்தைந்தில் ஒன்று.

பெட்டி அமெரிக்காவிலிருந்து வருகிறது.
ஸ்டீயரிங் இடப்பக்கம்.
சாட்ஸ்வர்த்தில் அதை யார் ஓட்டுவது?
டாஷ்போர்டை நடுவில் அறுத்து
இடத்தை வலத்துக்கு மாற்றி
இடையில் விழுந்த பள்ளத்தைச்
சொத்தை அடைக்கிற பசையால் அடைக்கிறேன்.
ரேடியோவுக்கு மட்டும் எப்போதும் இடம் போதுவதில்லை.
போகட்டும், பாட்டில்லாத கார்.

டர்பனில் பெயிண்ட் அடிக்க நாள் பார்க்க வேண்டும்.
பிப்ரவரிக் காற்றில் பாதி கடல்;
மேல்பூச்சு பால் திரிந்தாற்போல் வெளுத்துவிடும்.
ஆகஸ்டில் மலைப்பக்கமிருந்து
ஒரு வறண்ட காற்று இறங்கும்.
தெருவே தலைவலி என்று திரைச்சீலையை இழுக்கும்.
நான் மட்டும் துணிக்கொடியில்
பானெட், பம்பர், சக்கரமூடி என்று
கிளிப் மாட்டிக் காயப்போடுவேன்.
கணவர் சட்டைகளில் சிவப்புத் துளிகள்.
அவர் கேட்பதை நிறுத்தி வருஷமாயிற்று.

எதையும் சின்னதாக்கிவிடலாம், தூசியைத் தவிர.
ஒன்று வந்து கூரையில் உட்கார்ந்தால்
அந்த ஊர்க் கணக்கில் அது கூழாங்கல்.

மூன்று வீடு தள்ளி
சூப்ரமணி படையாச்சி வாசலில் நிஜம் நிற்கிறது,
நான்கு அடுக்குச் செங்கல்மேல்.
போர்ட் எலிசபெத்தில் பொருத்திய வண்டி,
பிறவியிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்.
என்ஜின் எப்போதோ போயிற்று.
ஞாயிறுதோறும் வெர்னியர் எடுத்துக்கொண்டு போவேன்:
வால்சிறகின் வளைவு, பூனைக்கண் விளக்கின் ஓரம்.
"என்ன, விலைக்கு அளக்கிறாயா?"
"இல்லை, பல் கட்ட."
அவர் மேல்தாடையின் அச்சும்
என் அலமாரியில்தான் இருக்கிறது, எண் நானூற்றுப் பன்னிரண்டு.

போன ஈஸ்டரில் இடப்பக்கப் பூனைக்கண் உடைந்தது.
கிரிக்கெட் பந்து.
யார் அடித்தது என்று தெரு முழுக்கத் தெரியும்,
தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது.
கை நிறையச் சிவப்புச் சில்லுகளோடு வந்தார்:
"சின்னதாச் செய்யிறவதானே நீ,
ஒரு தடவை பெருசாச் செய்."

வலப்பக்கத்தை அச்சு எடுத்து
இடதாகத் திருப்பினேன்.
ஈறுக்கு ஊற்றுகிற அக்ரிலிக்கில் செஞ்சாயம்.
முதல் தடவை குமிழி.
இரண்டாவது, இரவோடு இரவாக விரிந்தது.
மூன்றாவதில் ஓர் ஓரத்தில்
என் கட்டைவிரல் ரேகை.
சின்ன கார்களில் இத்தனை நாள்
தெரியாமல் இருந்த ரேகை.

மின்வெட்டு ராத்திரியில் மாட்டினோம்.
ஒரு பழைய பேட்டரி, இரண்டு கம்பி.
"பின்னால போய் நில்லு" என்று
கதவைத் திறந்து ஏறினார்.
முதலில் கண்ணாடியைச் சரிசெய்தார்.
அப்புறம் பிரேக்கை மிதித்தார்.

சுவர், குப்பைத் தொட்டி,
என் ரப்பர் செருப்பு, எல்லாம் சிவப்பு.
வலது கண் நல்ல சிவப்பு,
இடதில் கொஞ்சம் ஈறு.
"எரியுதா?"
"எரியுது."

பத்தொன்பது வருஷமாய் நகராத வண்டி
அப்போதுதான் நின்றது.

பேட்டரி தீர்ந்துவிடும் என்று கத்தினேன்.
காலை எடுக்கவில்லை மனுஷன்.