ஒன்றுக்கு எண்பத்தேழு

முப்பத்தெட்டு கிலோமீட்டரை
எண்பத்தேழால் வகுத்தால்
நானூற்று முப்பத்தாறு மீட்டர், சொச்சம்.
முத்தியால்பேட்டையில்
கிளினிக்கின் பின்னறை எனக்கு,
பதினோரு அடிக்கு ஒன்பது.

எனவே சுருக்கினேன்.
விழுப்புரத்துக்கு மூன்று தடம் போதும்.
வளவனூருக்கு ஒரு சாண் நடைமேடை.
கொருக்கைமேடு ஹால்ட்
இடமின்மையால் நீக்கப்பட்டது.
நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்,
செயப்பாட்டு வினையில்,
நீக்கியவன் யாரென்று சொல்லாமல்.

பல் கட்டித் தருகிற வேலை.
அச்சு மாவில் மிஞ்சியது ஜல்லி,
கொக்கி வளைத்த கம்பியில் மிஞ்சியது சிக்னல்,
மெழுகில் மிஞ்சியவர்கள் பயணிகள்.

முன்பல் இரண்டை வாங்க வந்த பச்சைவாழி
திறந்த கதவில் நின்றுவிட்டாள்.
பெரிய மார்க்கெட்டில் கீரை விற்பவள்.
தண்டவாளத்தைத் தொடாமல்
அதன் மேலேயே விரலை ஓட்டிப்போனாள்:
"இது வில்லியனூர் கேட்டு.
இது சின்னபாபு சமுத்திரம்.
எங்க ஊரு எங்கய்யா?"

இடமில்லை என்றேன்.

புதுப் பல் இன்னும் பழகாத வாயால்
சிரித்தாள்.
"அவங்களும் அதத்தான சொல்றாங்க."

போய்ப் பார்த்தேன்.
கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிய தாள்:
ஒன்றாம் தேதி முதல்
காலை பாசஞ்சர் கொருக்கைமேட்டில் நிற்காது.
நாள் சராசரி ஆறு டிக்கெட்.
மாலை வண்டி குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்.
யார் அறிவிப்பார்கள் என்று
அங்கேயும் இல்லை.

ஞாயிறன்று டேப்போடு போய் இறங்கினேன்.
விளக்குக் கம்பம் நான்கு, எரிவது ஒன்று.
சிமெண்ட் பெஞ்சில் ஓர் ஆடு.
ஆட்டை அளக்கவில்லை.
மற்ற எல்லாவற்றையும் அளந்தேன்.

டேப்பைப் பார்த்ததும்
ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.
"சர்வேங்களா?"
இல்லை என்பதற்குள் நான்கு பேர் ஆகிவிட்டார்கள்.
ஐ.டி.ஐ. போகிற பையன்.
பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ், செவ்வாய், வெள்ளி.
பஸ்ஸுக்குப் போக
கரும்புக்கு நடுவே இரண்டரை கிலோமீட்டர்,
இருட்டோடு.
"எழுதிக்குங்க சார்."

எழுதிக்கொண்டேன்.
நடைமேடை நீளம் நூற்றுப்பன்னிரண்டு மீட்டர்.
அதன் கீழே
டயாலிசிஸ், செவ்வாய், வெள்ளி.
பொம்மைக்காக என்று சொல்ல வாய் வரவில்லை,
பேனாவை மூடவும் கை வரவில்லை.

திங்கள் இரவு மலையை உடைத்தேன்.

புதுச்சேரிக்கு ஏது மலை?
குகை இல்லாவிட்டால் அது என்ன ரயில் என்று
பதினோரு வருஷம் முன் கட்டியது.
இல்லாத மலைக்கு
இத்தனை நாள் இடம் இருந்திருக்கிறது.

நூற்றுப்பன்னிரண்டு மீட்டர்,
ஒரு மீட்டர்கூடச் சுருக்காமல்,
என் கணக்கில் நூற்று இருபத்தொன்பது சென்டிமீட்டர்.
மலை போதவில்லை.
விழுப்புரத்தில் இன்னொரு தடத்தைப் பெயர்த்தேன்.
விழுப்புரம் தாங்கும்.

நான்கு கம்பம் நட்டேன்.
நான்கிலும் விளக்கு எரிந்தது.
அது தப்பு என்று தோன்றி
மூன்றை அணைத்தேன்.
மெழுகில் ஆறு பேர்,
ஒருத்தி தலையில் கீரைக் கூடை.
பெஞ்சில் ஆடு, உத்தேசமாக.

இன்று ஒன்றாம் தேதி.
காலை வண்டி அங்கே நிற்காமல் போயிருக்கும்
நேரத்துக்குக் கவுண்டரில் நின்றேன்.
"புதுச்சேரி, கொருக்கைமேடு, சீசன் ஒண்ணு."
"காலையில நிக்காதே சார்."
"சாயங்காலம் நிக்குதே."
"அங்க வேலையா?"
"இல்ல."

அவர் என்னைப் பார்த்தார்.
எனக்குப் பின்னால்
வரிசை சலித்துக்கொண்டது.

"எத்தன மாசத்துக்கு?"

"எத்தன மாசம் குடுப்பீங்க?"