மணலில் துள்ளாத பந்து

டக்கார் துறைமுகத்தில் அரிசி இறக்க மூன்று நாள்.
இரண்டாம் நாள் எனக்கு ஆறு மணி நேரம் கரையில் இறங்க அனுமதி.
கப்பலின் கூடைப்பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மெதினாப் பேட்டைத் தெருக்களில் நடந்தேன்,
எங்காவது ஒரு வளையம் தென்படும் என்று.

மணிலாவில், எங்கள் தோண்டோவில், தேடவே வேண்டாம்.
மின்கம்பத்தில், தென்னையில், பன்றிக்கறிக் கடைச் சுவரில்
கட்டடக் கம்பியை வளைத்து யாராவது மாட்டியிருப்பார்கள்.
ரப்பர் செருப்போடு ஆடுவோம்.
தோற்ற அணி ஐஸ் தண்ணீர் வாங்கித் தர வேண்டும்.
எங்களில் ஐந்தரை அடியைத் தாண்டியவன் ஜுவென்சியோ ஒருவன்தான்,
அவனையும் துபாய் கொண்டுபோய்விட்டது.

இங்கே ஒவ்வொருவனும் பனைமரம்.
பதினைந்து வயதுப் பையன் நிலைப்படியில் தலை குனிந்து வெளியே வருகிறான்,
வந்தவன் தரையில் உருளும் பந்தைத் துரத்துகிறான்.
இரண்டு செங்கல் ஒரு கோல், இரண்டு செருப்பு இன்னொன்று.
நடுக்களத்தில் ஓர் ஆட்டுக்கிடா கட்டியிருக்கிறது.
அதைச் சுற்றிப் பந்தைக் கடத்துகிறவன் கெட்டிக்காரன்.

கடவுள் விளையாட்டுகளைப் பங்கு வைத்தபோது
முகவரி மாறி அனுப்பிவிட்டார் போல.

என் பந்தைப் பார்த்து ஆட்டம் நின்றது.
உசேய்னு என்று கூப்பிடப்பட்டவன் ஓடிவந்து ஓர் உதை விட்டான்,
கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தான்.
எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.
அப்புறம் என் பக்கம் உருட்டிச் சைகை காட்டினான்:
நீ செய்.

தட்டினேன்.
தொப்.
மணல் வாங்கி வைத்துக்கொண்டது.
இன்னொரு முறை, பலம் கூட்டி.
தொப்.
கணுக்கால் உயரம்கூட எழவில்லை.

ஆளின் உயரத்தைக் கேட்டுக்கொண்டா ஆட்டம் ஊருக்குள் வருகிறது?
தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது.
எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒருக்களிக்க வேண்டும்.
பக்கவாட்டில் உதைத்தால் யாருடைய சோற்றுப் பானையிலாவது விழும்.
எங்களுக்கென்று காலியாக இருந்தது மேல்பக்கம் மட்டும்.
மேலே எறிந்தோம்.
அமெரிக்கன் கப்பலில் கொண்டுவந்தான் என்பார் பள்ளி வாத்தியார்.
கொண்டுவந்தான், சரி.
இன்னும் எத்தனையோ கொண்டுவந்தான்,
எல்லாமா தங்கிற்று?

போன மே மாதம் அப்பாவின் பெட்டியை
எங்கள் வளையத்துக்கு நேர் கீழேதான் வைத்தார்கள்.
சந்தில் அகலமான இடம் அது ஒன்றுதான்.
ஏழு இரவு யாரும் ஆடவில்லை.
நான் சூயஸுக்கு வெளியே நங்கூரத்தில், கைப்பேசியில் பார்த்தேன்:
மெழுகுவர்த்திகள், சீட்டாடும் மாமாக்கள்,
படத்தின் மேல் ஓரத்தில் வலையில்லாத இரும்பு.
தங்கை கேமராவை இறக்கப் போனாள்.
இருக்கட்டும் என்றேன்.

உசேய்னு என்னை இரண்டு செருப்புகளுக்கு நடுவே நிறுத்தினான்.
கையால் மட்டும் ஆடத் தெரிந்தவனுக்கு
அந்தத் தெருவில் இருந்த ஒரே வேலை.
பதினொன்றைத் தடுத்தேன், நான்கை விட்டேன்.
ஐந்தாவது ஆட்டுக்கிடாவின் கொம்பில் பட்டு உள்ளே போனது.
அதைச் சேர்க்கலாமா என்று
மாலைத் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை சண்டை.

இப்போது கடலில்.
நான்காம் சரக்கறை காலி. அதன் சுவரில் எங்கள் வளையம்,
வெல்டர் மக்காரியோ பழைய குழாயில் செய்தது.
வெளியே அலை பெரிது. தளம் சாய்கிறது,
வளையம் இடப்பக்கம் போகிறது, திரும்பி வருகிறது.
குறி பார்த்துப் பயனில்லை.
காத்திருக்கிறோம்,
அது வரும்போது விடுகிறோம்.
பந்தின் வரிப்பள்ளங்களில் இன்னும் அந்தத் தெருவின் மணல்.
ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம்
இரும்பில் உதிர்கிறது.