பதினேழாவது வளைவு

லீ பஜார் வெங்காய மண்டியில்
சருகு மட்டும் ஒரு பை கேட்டேன்.
"தோலுக்கு என்னய்யா காசு, அள்ளிக்க."

ஏற்காடு பஸ்ஸில்
முட்டை அட்டை மடியில்;
கொண்டை ஊசி வளைவுதோறும்
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
பதினேழாவதில் ஒன்று
டிக் என்றது.

பெரிய சனிக்கிழமை இரவு.
பிலோமி சருகைக் கொதிக்கவிட்டு
ஒரு மூடி வினிகர் ஊற்றினாள்.
மஞ்சள் சொன்னபடி மஞ்சளாக வந்தது.
பீட்ரூட் ஏமாற்றிவிட்டது, வெளிறிய பழுப்பு.
ஊதாக் கோஸ் தண்ணீரில் போட்டது
நீலமாய் எழுந்தது,
ஏனென்று இருவருக்கும் தெரியாது.

பூசை முடிந்து வந்த பிள்ளைகள்
விரிசல் விட்டதை மட்டும் தொடவில்லை.
நான்தான் உரித்தேன்.

வெள்ளைக்கருவின் மேல்
வெங்காயச் சிவப்பில்
வளைந்து வளைந்து ஏறுகிறது ஒரு கோடு.

எத்தனை வளைவென்று
விரல் வைத்து எண்ணுகிறாள் பிலோமி.
முடிக்கட்டும் என்று
உப்போடு காத்திருக்கிறேன்.