ஏலத்தில் எடுத்த வண்டி

இரண்டு கோட் வெள்ளை அடித்தும்
வெயில் ஏறினால் தெரிந்துவிடுகிறது
நெற்றியில் இடவலமாய்த் திருப்பி எழுதிய சிவப்பு:
ஆம்புலன்ஸ்.
ஓசூரிலிருந்து வழி நெடுக
முன்னால் போனவர்கள் கண்ணாடியில் வாசித்து
ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்கள்.
முனிரத்தினம் கூச்சப்பட்டு
ஒவ்வொருவருக்கும் ஒரு கையால் கும்பிடு போட்டபடியே ஓட்டினார்.

ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் எங்கள் படுக்கை.
ஆக்சிஜன் உருளைக்கான வளையத்துக்குள்
கேஸ் சிலிண்டர், அளவெடுத்தது போல.
குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியில்
நிறைமதியின் ஈரத்துண்டு.

ஆம்பூரில் பின்கதவைத் திறந்து கால் தொங்கப்போட்டு
பிரியாணி தின்றுகொண்டிருந்தோம்.
சைக்கிளை நிறுத்தி ஒருவர் ஓடி வந்தார்.
"யாருக்கும்மா, இன்னா ஆச்சி?"
கத்திரிக்காய்த் தொக்கு வழியும் வாயோடு
"பசி" என்றாள் மகள்.

பாலாற்றுப் பாலத்தில் வேகம் குறைத்தோம்.
மணல், கருவேலம், கிரிக்கெட் ஆடும் பையன்கள்.
"ஆறு எங்கேம்மா?"
"அதுவும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு."

கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலைகள் இருந்தனவாம்.
யாரோ சொன்னதை நம்பி
முக்கால் மணி நேரம் எட்டிப் பார்த்தாள்.
கடைசியில் மிதந்து வந்தது
இடதுகால் செருப்பு ஒன்று.

ஆற்காடு ரோட்டு நெரிசலில்
பெரிய ஆஸ்பத்திரி வாசல் காவலாளி
விசிலை ஊதி, ஆட்டோக்களை விரட்டி
எங்களுக்காகவே கேட்டைத் திறந்துவிட்டார்.
இல்லை இல்லை என்று தலையாட்டினோம்.
ஸ்டியரிங் மட்டும்
பழைய ஞாபகத்தில் லேசாக இடதுபுறம் இழுத்தது.

தொரப்பாடியில் நாத்தனார் நவநீதம்
இடுப்பில் கை வைத்து நின்றாள்.
"மூணு ரூம் வெச்சிகினு கீறேன்,
கூடப்பொறந்தவன் ரோட்ல படுப்பானா?
அதுவும் பொணம் ஏறின வண்டியில?"
நாலு டயருக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள்.
எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள்.
முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பை
பேசாமல் பரிமாறினாள், பேசாமல் சாப்பிட்டோம்.
வீட்டுக்குள் படுக்காததற்கு
குழம்பில் ஒரு கை கூடுதலாகவே காரம்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
பகலெல்லாம் வெயில் குடித்த பாறைமலை
அதை ஊர் மேல் திருப்பி ஊதிக்கொண்டிருந்தது.
பின்கதவில் இரண்டு தட்டு.
அக்குளில் தலையணையோடு நவநீதம்.
"உள்ள ஃபேன் ஓடுதா?"
"பேட்டரியில ஓடுது, வாங்க."

ஏறினாள். குழந்தையை ஓரம் தள்ளிப் படுத்தாள்.
வெகுநேரம் கொக்கியையே பார்த்தாள்.
"அவரை ஏத்தினப்ப
என்னை முன்னாடி உக்காரவெச்சிட்டாங்க.
சத்துவாச்சாரி தாண்டுற வரைக்கும் பேச்சு கேட்டுது.
திரும்பிப் பாக்காதீங்கன்னாரு டிரைவர்.
பின்னாடி எப்படி இருக்கும்னே
எனக்குத் தெரியாது."

அதற்கு நான் என்ன சொல்ல.
துண்டை எடுத்து மடித்து வைத்தேன்.
மின்விசிறி சுற்றியது.
முன்சீட்டில் முனிரத்தினம் தூங்குவதாக
மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் அமிர்திக்குக் கிளம்பினோம், அருவி பார்க்க.
"இருபத்தஞ்சு கிலோமீட்டர்தானே," என்றாள்,
"நானே பாத்ததில்லை."
வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து,
மறுபடி வந்து இழுத்துப் பார்த்து,
ஒரு பை முறுக்கோடு
பின்னால்தான் உட்காருவேன் என்று ஏறிக்கொண்டாள்.

கணியம்பாடிக்கு முன்னால் ஒரு டவுன்பஸ்
எங்களைப் பார்த்துப் பதறி மண்ணில் இறங்கி நின்றது.
அதன் ஜன்னல்களில் முகங்கள், சில கைகூப்பல்கள்.
நவநீதம் முறுக்கைக் கடித்தபடி
அவர்களுக்குக் கையசைத்தாள்.
பிறகு தம்பியின் தோளைத் தட்டிச் சொன்னாள்:

"மெதுவாப் போடா.
அவசரம் ஒண்ணுமில்லை."