வாட்டல்

ரேஞ்சர் ஆபீஸில் எனக்கு வேலை
ஆங்கில உத்தரவுகளைத் தமிழாக்குவது.
மன்னவனூர்ச் சரகம், பத்தி நான்கு:
வாட்டில் அகற்றப்பட வேண்டும்.
அடியில் ஒரு கட்டம்: தமிழ்ப்பெயர் எழுதுக.

அகராதியைத் திறந்தேன். பூஞ்சை வாசம்.
கொடைக்கானலில் ஜூலை மாதம்
எந்தப் புத்தகமும் பாதி காளான்தான்.

முதல் பொருளில் மரமே இல்லை.
கழி நட்டு, இடையிடையே
குச்சி வளைத்துப் பின்னிய தட்டி,
ஆட்டுப்பட்டிக்குச் சாத்துகிற படல்.
இரண்டாவது, சேவலின் தாடைக்குக் கீழே
சிவப்பாய் ஆடும் தொங்கல்.
மரம் மூன்றாவதாகத்தான் வருகிறது,
கப்பலில் வந்த களைப்போடு.
ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள்
சுவர் பின்ன இதை வெட்டினார்களாம்,
சுவரின் பெயர் மரத்தில் ஒட்டிக்கொண்டது.
சுவருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து?
சிறிய சாய்ந்த எழுத்தில்:
தோற்றம் தெரியவில்லை.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்
மதிகெட்டான் சோலைக்குள் போனவன்
வந்த தடத்தைத் தேடுவதுபோல.

மறுநாள் கணக்கெடுப்பு. பூண்டிக்கு மேலே
கூப்புக் குடிசைகள் பதினொன்று.
பவளராணி கத்தியோடு வந்தாள்.
இடுப்புயரத்தில் மரத்தைச் சுற்றி
பட்டையை வளையமாக உரித்தாள்.
"இனி தானா காயும் சார்,
வாட்டல் மரமில்லையா."

வாட்டல் என்றுதான் சொன்னாள்.
பசி வாட்டுது, வெயில் வாட்டுது என்கிறோமே,
அந்த வாட்டல்.
நான் திருத்தவில்லை.

கூலிப் பட்டியலில் அவளுக்கும் ஒரு கட்டம்.
பிறந்த ஊர்?
"ஹட்டன் பக்கம். எந்தத் தோட்டம்னு அம்மா சொல்லல.
கப்பல்ல வர்றப்ப எனக்கு ரெண்டு வயசு."
ஹட்டன் பக்கம் என்றே எழுதிக்கொண்டேன்.

மழை பிடித்தது. அவள் வீட்டில் ஒதுங்கினேன்.
வாட்டல் கழி நட்டு, வாட்டல் விளார் பின்னி,
செம்மண் அப்பிய சுவர்.
விரல்தடங்கள் ஐந்தைந்தாய்க் காய்ந்திருந்தன.
முதல் பொருளுக்குள் நின்றபடி
மூன்றாம் பொருளை அகற்ற வந்திருந்தேன்.

"சேவல் வளக்கிறீங்களா?"
ஏன் கேட்டேனோ.
"இருந்துச்சு. போன ஞாயிறு கொழம்பு."

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்:
"மரத்த எடுங்க சார். வேணாங்கல.
செவுரும் அதுல சேத்தியா?"

உத்தரவை மறுபடி படித்தேன்.
அந்தச் சொல்லை ஒட்டி
மரம் என்று எங்கும் இல்லை.

இரவில் தமிழில் எழுதினேன்:
வாட்டல் மரம் அகற்றப்பட வேண்டும்.
மூலத்தில் இல்லாத சொல் என்று
ரேஞ்சர் சிவப்பு மையில் சுழிப்பார்.
சுழிக்கட்டும்.